கோயில் தெரு என்று சொல்ல வேண்டும்

சூடான பிளாஸ்டிக் வாசனை. செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில், போன வாரம் என் மகளின் அடையாள அட்டையை லேமினேட் செய்யக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுங்கி, பளபளத்து, இளஞ்சூட்டோடு அட்டை வெளியே வந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கடைக்காரர் கேட்டிருந்தால் பாவம், அவர் மேல்தான் விழுந்திருப்பேன்.

அத்தையின் சான்றிதழ்களை அப்பா லேமினேட் செய்து கொண்டுவந்த அன்று எங்கள் வீடு முழுக்க இதே வாசனை. அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி அப்போது புதிது புதிதாக முளைத்த கம்பெனிகளில் ஒன்று அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. வண்டிச் சாமான்களின் அளவைச் சரிபார்க்கும் வேலை. எங்கள் ஊர் திருவிடந்தைக்குத் தெற்கே, கடலோரம். உப்புக் காற்றில் காகிதம் பூத்துப்போகும் என்று பயந்து, மூலச் சான்றிதழ்கள் அத்தனையையும் பிளாஸ்டிக்குக்குள் அடைத்துவிட்டார் அப்பா. அவர் கடற்கரை விடுதி ஒன்றில் தோட்ட வேலை பார்த்தவர். புல்லுக்குத் தண்ணீர் விட்டபடியே மேலாளர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அதிகாரிகளின் மனசு தனக்கு அத்துப்படி என்று நம்பினார். அந்த நம்பிக்கை பொய்யில்லை என்பதுதான் இதில் கொடுமை.

ஒத்திகை ஒரு வாரம் நடந்தது. எனக்கு ஐந்தாம் வகுப்பின் காலாண்டு விடுமுறை, அதனால் அதிகாரி வேடம் எனக்கு. வீட்டின் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியும் எனக்கு. அத்தை வெளியே போய் நின்று, "மே ஐ கம் இன் சார்?" என்று கேட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். சார் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். குரல் பத்தவில்லை என்று ஒரே மாலையில் ஒன்பது முறை அவளை வெளியே அனுப்பினேன்.

"தோ பாரு, இவ நெசமாவே ஆபீசர் ஆனா நம்மள வூட்டுக்குள்ளயே வுடமாட்டா" என்றாள் அம்மா, மீன் அலசிக்கொண்டே.

அப்பா எழுதித் தந்த தாளைப் பார்த்துக் கேட்டேன். "இந்த வேலைக்கு ஏன் வரணும்னு ஆசைப்படுறீங்க?"

"எங்க அண்ணன் தொல்ல தாங்கல சார்."

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "வெளாட்டா இருக்குதா உனக்கு? அடுத்தத கேளு ஆபீசரு."

"வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுன்ட் என்ன?"

"பாயிண்ட் ஜீரோ டூ மில்லிமீட்டர் சார்."

அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் விடை தெரியும். தாள் என் கையில் இருந்தது. தாளில் இருப்பது சரி, இல்லாதது தப்பு. உலகம் அவ்வளவு சுலபமாக இருந்தது.

நான்காம் நாள் அப்பா தாளில் இல்லாத ஒரு கேள்வியைச் சொன்னார். "ஊர்ல எந்தத் தெருன்னு கேளு."

கேட்டேன். அத்தை அப்பாவைப் பார்த்தாள்.

"கோயில் தெருன்னு சொல்லு. தேரடிக்குப் பக்கத்துல மூணாவது வூடு."

"நமக்கு அங்க வூடே இல்லியேப்பா" என்றேன். நாங்கள் காலனி. ஊருக்கும் எங்களுக்கும் நடுவே கொஞ்சம் வயல், ஒரு வாய்க்கால். திருவிழாவில் தேர்கூட அந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே திரும்பிவிடும். ஆனாலும் அடிபம்பில் நல்ல தண்ணீர் எங்கள் பக்கம்தான் வரும். பொய்தான் சொல்வதென்றால் இதைவிட நல்ல தெருவாகப் பார்த்துச் சொல்லக் கூடாதா?

"நீ கேள்வி மட்டும் கேளு" என்றார் அப்பா. பிறகு அத்தையிடம், "நேரா கேக்கமாட்டானுங்க. எந்தத் தெரு, இன்னா சாமி கும்புடுறீங்கன்னு சுத்திகினே வருவானுங்க. விண்ணப்பத்துல தெரு பேரு நான் போடல. அங்கதான் கண்ணு வைப்பானுங்க."

"நான் சாமான அளக்கத்தானேண்ணா போறேன்?"

"மொதல்ல உள்ள போ. அப்பால அள."

அன்றிலிருந்து அதுவும் என் கேள்விகளில் ஒன்றானது. தூக்கத்தில் எழுப்பினாலும் லீஸ்ட் கவுன்ட் சொல்லக்கூடியவள், அதற்கு மட்டும் அப்பாவையே திரும்பிப் பார்த்தாள். எங்கள் டீச்சர் செய்வதைத்தான் நானும் செய்தேன். 'கோயில் தெரு, தேரடி' என்று என் நோட்டில் இருபத்தைந்து முறை இம்போசிஷன் எழுத வைத்தேன். தலையைக் குனிந்து, மணிமணியான கையெழுத்தில், ஒரு வரி குறையாமல் எழுதிக் கொடுத்தாள். நான் எண்ணிப் பார்த்துச் சரி போட்டேன். எந்த நாட்டில், எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, படித்த ஒரு பெண் தன் வீட்டை மறைத்து இருபத்தைந்து முறை எழுத வேண்டும் என்று? இதை நான் இன்று கேட்கிறேன். அன்று கேட்கத் தோன்றவில்லை.

நேர்காணல் முடிந்ததும் அத்தை அப்படியே தாம்பரத்துக்கு, தோழியின் அறைக்குப் போவதாக ஏற்பாடு. மறுநாள் அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். வழியனுப்ப அப்பாவும் நானும் கூடவே போனோம். கம்பெனி வாசலில் அப்பாவை நிறுத்திவிட்டார்கள். சின்னப் பெண்தானே என்று என்னை விட்டார்கள். பிளைவுட் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது முழுக்கக் கேட்டது.

"ஒரிஜினலைப் போய் யாராவது லேமினேட் பண்ணுவாங்களாம்மா?"

"உப்புக் காத்து சார்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். காலிப்பரைக் கொடுத்து எதையோ அளக்கச் சொன்னார். அளந்தாள். கேட்டார், சொன்னாள். ஒவ்வொரு விடையையும் அவளுக்கு முன்னால் என் உதடுகள் சொல்லி முடித்தன. "வெரி குட்" என்றார். மூன்று முறை சொன்னார், நான் விரல் மடக்கினேன். டீ கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். வேலை கிடைத்துவிட்டது என்றே எனக்குப் பட்டது.

காகிதம் புரளும் சத்தம். "தெரு போடலையேம்மா? ஊர்ல எந்தத் தெரு?"

கனிவான குரல். சொந்தக்காரப் பெண்ணை விசாரிப்பது மாதிரி. அந்தக் கனிவைத்தான் என்னால் இன்று வரை மன்னிக்க முடியவில்லை. அதட்டிக் கேட்டிருந்தால் அது வெறும் அதட்டல் என்று விட்டிருப்பேன்.

கோயில் தெரு, தேரடி என்றன என் உதடுகள்.

"காலனி சார்" என்றாள் அத்தை. "அஞ்சாவது வூடு."

ஒத்திகையில் ஒருநாளும் வராத குரல் அது. டீக்காரர் தட்டோடு உள்ளே போனார், நிரம்பிய கிளாஸோடு அப்படியே திரும்பி வந்தார்.

"சரிம்மா. லெட்டர் போடுறோம்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? ஒரு வார உழைப்பு! சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் போய்ச் சேரும் வரை அத்தையோடு பேசவில்லை. பிளாட்பாரத்தில் அப்பா, "இன்னா கேட்டாங்க?" என்றதும் வெடித்தேன்.

"எல்லாம் கரீட்டா சொன்னாப்பா. இருக்கிறதுலயே ஈஸியான கேள்வில கோட்ட வுட்டுட்டா! அத்தினி வாட்டி எழுதியும் மறந்துட்டா!"

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அத்தையையே பார்த்தார். அவள் கையிலிருந்த ஃபைலை வாங்கி, தூசியே இல்லாத அதைத் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. தப்பு செய்தவளுக்கு இத்தனை மரியாதையா?

போன மாதம் என் மகள் கணினி முன்னால் உட்கார்ந்து நேர்காணல் கொடுத்தாள். "நேட்டிவ் எங்கேங்க? அங்கே எங்கே?" என்று ஒரு குரல் கேட்டது. அதே கனிவு. கம்பெனிகள் மாறிவிட்டன, கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன, அந்தக் கேள்விக்கு மட்டும் வயதாகவில்லை. அத்தை மறந்துவிட்டாள் என்று நான் எத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்று, மின்சார ரயில் வந்தது. "நாளைக்காவது மறக்காம சொல்லு அத்த!" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பெண்கள் பெட்டியின் வாசலில் கம்பியைப் பிடித்து நின்ற அத்தை என் கன்னத்தைத் தட்டினாள். பேசியதென்னவோ என் தலைக்கு மேலே, அப்பாவிடம். பச்சைப் பொய் என்று நான் நினைத்த அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துளி வெட்கமில்லை.

"அண்ணி கேட்டா, எல்லாக் கேள்விக்கும் கரீட்டாதான் பதில் சொன்னேன்னு சொல்லுண்ணா."