லாபுவும் லெம்புவும்

கல்யாணமாகி ஆறு மாதமாகியும் சீதாவுக்கு மலாய் மட்டும் பிடிபடவில்லை. ரப்பர் தோட்டத்தில் தமிழிலேயே வளர்ந்தவளைக் காஜா பெராங் என்ற ஊரில், தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தொலைத்துவிட்ட மலாக்கா செட்டி வீட்டில் கொண்டுவந்து விட்டால் அவள்தான் என்ன செய்வாள்? மாமியார் சாரதாம்பாளுக்குச் சாமி பெயரைத் தவிர வேறு தமிழ் தெரியாது. தோட்டத்து ஆபீசில் தமிழ் கற்ற கணவன் கருணாகரன்தான் இருவருக்கும் நடுவில் அல்லாடுவான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்தபின் வந்த முதல் போகி. மாமனார் போனபின் வந்த முதல் போகியும் அதுதான். அன்று செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைப்பார்கள். வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல்காரராக இருந்த மாமனாருக்குப் பரங்கிக்காயும் டின்னில் வரும் காரச் சோசேஜும் சேர்த்து இரும்புச் சட்டியில் வதக்கினால் உயிர். டின்னைத் தாமே வாங்கி வருவார், தாமே வதக்குவார், பன்றி இறைச்சி என்று சொல்லி எல்லோருக்கும் பரிமாறுவார். அந்தப் பொறுப்பை மாமியார் இம்முறை மருமகளிடம் கொடுத்தாள். இதில் சொதப்பினால் அந்த அடுப்படியில் தனக்கு இடமில்லை என்பது சீதாவுக்குத் தெரியும்.

பரங்கிக்காயோடு சமைக்கிற சோசேஜ் என்று கேட்டு வாங்க வேண்டும். பரங்கிக்காய்க்கு மலாயில் லாபு. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனாள். சீனர் கடைக்காரர் ஒரு பச்சை டின்னை எடுத்துக் கொடுத்தார்.

வெங்காயமும் காய்ந்த மிளகாயும் வதங்கியதும் பரங்கிக்காய்த் துண்டுகளைக் கொட்டி, அடி சிவக்கும்வரை கிளறாமல் விட்டாள். பிறகு சோசேஜ். கொழுப்பு உருகி வாசனை கிளம்பியதும் சாரதாம்பாள் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே வாசனையாம். அவரே வந்துவிட்டாராம். சீதாவுக்குத் தலைகால் புரியவில்லை.

இலையில் படைத்து, விளக்கேற்றி, எல்லோரும் விழுந்து கும்பிட்டாயிற்று. குப்பையில் கிடந்த டின்னைத் தற்செயலாகப் பார்த்த கருணாகரன் வெளிறிப்போனான்.

"கடையில என்னான்னு கேட்ட?"

"சோசேஜ் லெம்புன்னுதானே கேட்டேன்."

"லாபுதான் பரங்கிக்கா. லெம்புன்னா மாடு, சீதா."

மாமனாரின் இலையில் மாட்டிறைச்சி. சீதாவுக்கு அழக்கூட வரவில்லை. கணவன் விஷயத்தை மலாயில் சொல்லச் சொல்ல, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டாள்.

சாரதாம்பாள் அடுப்படிக்குப் போய், மிளகாய் போட்டு வைக்கும் டின்னோடு திரும்பினாள். சாயம் தேய்ந்த பச்சை டின். மாமனார் எப்போதோ காலி செய்து கொடுத்தது. படிக்கத் தெரியாத அவள் அதையும் படிக்கச் சொல்லி மகனிடம் நீட்டினாள்.

கருணாகரன் படித்தான். மறுபடியும் படித்தான். இரண்டு டின்னிலும் ஒரே எழுத்து.

சாரதாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதறிப்போய் இலையை எடுக்க வந்த சீதாவின் கையைப் பிடித்துத் தடுத்து, மலாயில் ஏதோ சொன்னாள். கருணாகரன் அதைத் தமிழில் சொன்னான்.

"இலைய எடுக்காதேங்கிறாங்க. அவரு ஆசப்பட்டது இதுதானாம், தின்னட்டுமாம். இருபது வருஷமா பன்னின்னு சொல்லித் தனக்கும் போட்டாரே, ஏன்னு இனிமே யாருகிட்ட போய்க் கேக்குறதுன்னு கேக்குறாங்க."