அண்ணனின் ஈரல் படம்

அண்ணனுக்குச் செங்கல்பட்டு பஜாரில் துணிக்கடை. நல்ல பருமன். ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர், பீடிகூடப் பிடித்ததில்லை. வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டர், ஈரல் பெருத்திருக்கிறது என்று மெட்ராசுக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். துணைக்கு நான் போனேன்.

கையில் ஊசி போட்டு, அவரை மேசைமேல் படுக்க வைத்தார்கள். மேலே ஓர் இயந்திரம் டக்டக்கென்று நகர்ந்து, தாளில் புள்ளிகளாகக் குத்தியது. அந்தப் புள்ளிகள்தான் ஈரலாம்.

"எவ்ளோ வருஷமா குடிக்கிறீங்க?" என்றார் அங்கிருந்த டாக்டர்.

"தொட்டதே இல்ல சார்."

"கொழுப்பு படிஞ்ச மாதிரி இருக்கு. எல்லாரும் இப்டித்தான் சொல்றாங்க."

மதுவிலக்கு போய், சாராயக்கடைகள் மறுபடி திறந்திருந்த சமயம் அது. பஸ்ஸில் அண்ணன் படத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். இறங்கும்போது, "உங்க அண்ணிகிட்ட சொல்லாத" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில், சதுரங்கப்பட்டினத்தில் துணி கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தவருக்கு நிமோனியா கண்டது. மூச்சுத் திணறவே, மெட்ராசில் புதிதாகத் தொடங்கியிருந்த தீவிர சிகிச்சை வார்டில் சேர்த்தோம். பழைய படம் உண்டா என்று அங்கே கேட்டார்கள். கொடுத்தேன். டாக்டர் ஜன்னலோரம் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சளியக் கொறைச்சிடலாம். இந்த ஈரல்தான் தாங்காது. இப்படி இருக்கிறவங்க இங்கேர்ந்து எழுந்து போனது கம்மி."

அண்ணி எனக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. வராந்தாவில் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"நெசத்த சொல்லு. அவுரு குடிச்சிகினு இருந்தாரா?"

"எனக்குத் தெரிஞ்சி இல்ல அண்ணி."

"ஒனக்குத் தெரியாம?"

அவர் வியாபாரத்துக்குத் தனியாகப் போய்வந்த ஊர்களெல்லாம் என் நினைவில் ஓடின. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பேசாமல் நின்றேன். அண்ணி சட்டையை விட்டார். அதன்பின் அவர் வார்டுக்குள் போகவே இல்லை; வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் அண்ணனுக்குக் கண்கள் மஞ்சளித்தன, நினைவு தப்பியது. அன்று மாலை அஸர் தொழுகைக்கு முன்பே போய்விட்டார்.

பல வருஷம் கழித்து, என் சர்க்கரைக்குப் பார்த்த டாக்டர், ஒரு சொட்டும் குடிக்காத பருமனான ஆட்களுக்கும் ஈரலில் கொழுப்பு படியும் என்றார். அன்றைக்கே போய் அண்ணியிடம் சொன்னேன். மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அவுரு குடிக்கலன்னு நீ அன்னிக்கு வராந்தாவுலயே சொல்லியிருக்கணும். ஒரு வாட்டி அவுரு கையப் புடிச்சிருப்பேன்."