திரையிலிருந்து இறங்கிய தணிகாசலம்

சாட்டைக்காரர் தணிகாசலம் காலமாகிவிட்டார் என்ற செய்தியை, கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வந்த கார்டு எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். “நெஞ்சு வலின்னு படுத்தவர் எழுந்திருக்கலம்மா. மதியம் எடுக்கிறாங்க.” அடுத்த ரயிலில் போனேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரைத் திரையில் மட்டுமே பார்த்தவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஊமைப் படக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தவள் நான். முதல் வரிசை ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். அந்த நிபந்தனையின் பேரில்தான் வீட்டில் அனுமதி. சென்னையில் எடுத்த சண்டைப் படங்களில் தணிகாசலம் அமெரிக்கக் கௌபாய்களைப் போல அகலத் தொப்பி போட்டு, ஓடும் குதிரையிலிருந்து தாவுவார். சாட்டையால் எதிரியின் கத்தியைப் பறிப்பார். கூட்டம் போடும் சத்தத்தில் நான் வாசித்தது எனக்கே கேட்காது.

பிறகு ஒரு நாடகக் குழுவோடு அவரே நேரில் வந்தார். குழு கலைந்து மற்றவர்கள் ஊருக்குக் கப்பல் ஏறியபோது அவர் ஏறவில்லை. சென்னையில் பேசும் படம் வந்துவிட்டது, அவருக்கோ திக்குவாய். இங்கே வருமுன் ஒரு கம்பெனியில் அவரை மைக் முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அறையில் இருந்தவர்கள் சிரித்ததை அவர் மறக்கவேயில்லை. “அங்கே போனா பே... பேசச் சொல்வாங்க, தங்கச்சி. இங்கே சாட்டையைச் சுழற்றினா போதும்” என்றார்.

அது போதும் என்றுதான் கொட்டகை முதலாளியும் நினைத்தார். இடைவேளையில் தணிகாசலம் மேடையேறி, ஒருவன் வாயிலிருக்கும் சுருட்டைச் சாட்டையால் தட்டிவிட வேண்டும். தினமும் அதே சுருட்டு, அதே கைதட்டல். அறுபதை நெருங்கியவருக்குத் தலையில் மை, வயிற்றை அமுக்க ஓர் அகலமான வார். வெயிலில் வயது தெரிந்துவிடும் என்று பகலில் அவரை வெளியே விடுவதில்லை. சமையல், தூக்கம் எல்லாம் திரைக்குப் பின்னால் இருந்த அறையில்தான். ஒருநாள் அவருடைய பழைய படம் ஓடியது. அறை வாசலில் நின்று, திரையின் பின்பக்கத்தில் இடம் வலம் மாறித் தெரிந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவன் இறங்கமாட்டான். என்னையும் இறங்க விடமாட்டான்” என்றார்.

அப்போதுதான் கிள்ளான் ரயில்வே ஊழியர்கள் கௌபாய் நாடகம் ஒன்று போட முடிவு செய்தார்கள். எழுதியவர் மாசிலாமணி என்ற குமாஸ்தா. கதாநாயகன் வேஷத்தைக் கொடுக்க வந்த அவரிடம் தணிகாசலம் கிழட்டு ஷெரிப் வேஷத்தைக் கேட்டார். கொள்ளையர் வருகிறார்கள் என்று ஊரே கதவைச் சாத்திக்கொள்ள, தனியாக வீதியில் நிற்கும் காவல் அதிகாரியின் வேஷம் அது.

“அதுல வசனம் நிறைய இருக்குண்ணே. குறைச்சிடட்டுமா?”

“கு... குறைக்காதே.”

“நரைச்ச தலையோட மேடை ஏறினா இங்க திரும்பி வராதீங்க” என்றார் முதலாளி. தணிகாசலம் சீயக்காய் போட்டுத் தலையிலிருந்த மையைக் கழுவிக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பினார்.

நாடகத்துக்கும் நான்தான் ஆர்மோனியம். கடைசிக் காட்சியில் மூடிய கதவுகளைப் பார்த்து அவர் பேச வேண்டும். வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டது. “க...” என்றார். மறுபடி “க...” கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், அன்பாகத்தான், “சாட்டையை எடுங்கண்ணே” என்று கத்தினார். அந்த மௌனத்தை மூடிவிட என் விரல்கள் கட்டைகளுக்குப் போயின. அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். இடுப்பிலிருந்த சாட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நாங்கள் எல்லோருமே அந்த ஓர் எழுத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தோம்.

பிறகு சொல் வந்தது. “கதவைத் திறங்க. உள்ளேயே கிடந்து சாகறதுக்கா வீடு கட்டினீங்க?”

பெரிய கைதட்டல் ஒன்றும் இல்லை. இந்தக் கிழவரைப் பார்க்கவா வந்தோம் என்று முணுமுணுத்தபடி பலர் எழுந்து போனார்கள். முதலாளியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தணிகாசலத்தின் படுக்கை கொட்டகை வாசலுக்கு வந்தது. கிள்ளானில் மாசிலாமணி வீட்டில் தங்கினார். ஊருக்குப் போகலாம் என்ற பேச்சு இருந்தது. நெஞ்சு வலி விடவில்லை. கடலைக் கடக்காமலே போய்விட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது கிள்ளான் ஸ்டேஷன் அருகே ஒரு டீக்கடையில். நரைத்த தலையோடு நின்றவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சொல் வரத் தாமதமானதும் கடைக்காரர், “காப்பியா?” என்று அவசரப்படுத்தினார். தணிகாசலம் தலையை ஆட்டி மறுத்து, தானே சொல்லி முடித்தார். “டீ. சீனி குறைச்சலா.” என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “படத்துல இருந்தவரைக்கும் எனக்கு எவ்வளவு சீனின்னு யாரும் கே... கேட்டதில்லை, தங்கச்சி.”

அவருடைய படங்கள் எங்கே போயினவோ தெரியாது. என்னிடம் இருப்பது அந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் தஞ்சாவூர். எவ்வளவு நேரமானாலும் எந்தச் சொல்லையும் பாதியில் விட்டுவிடாத குரல்.