காற்று திரும்பிய மதியம்

முடிச்சூரில் நாங்கள் வீடு கட்டியபோது பக்கத்து நிலம் முழுக்கப் புல். நெல் விளைந்த வரைக்கும் அங்கே தீப்பிடிக்க எதுவும் இருந்ததில்லையாம். மனைக்கல் நட்ட பிறகு உழவும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. புல் என் தலைக்கு மேல் வளர்ந்து, மே மாதத்தில் சருகாகக் காய்ந்து நின்றது. அதற்குக் கிழக்கே தார்ச்சாலை. மேற்கே ஒரு சந்து தாண்டினால் பழைய ஊர்த் தெரு. அங்கே கீற்றுக் கூரை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த விடுமுறைக்குக் கரூரிலிருந்து மாமா வந்திருந்தார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. எங்கள் குளியலறைப் பக்கம் பாம்பைப் பார்த்ததும், புல்லைக் கொளுத்திவிடுவது என்று முடிவு செய்தார். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த நான்தான் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தார்.

"காத்து கிழக்கால போகுது. தீ ரோடு வரைக்கும் போய்த் தானா அணைஞ்சிரும்."

சொன்னபடியே கிழக்குப் பாதி எரிந்து, சாலையோரத்தில் அடங்கியது. மாமா சாப்பிட உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்கு அம்மா வழக்கம்போல் கிழக்கு ஜன்னலைத் திறந்தாள். "அப்பாடா, கடல் காத்து வந்துடுச்சு" என்றாள். கோடையில் நாங்கள் தினமும் காத்திருக்கும் காற்று அது. அதற்கும் வெளியே புகைந்துகொண்டிருந்த புல்லுக்கும் எங்களில் ஒருவரும் முடிச்சுப் போடவில்லை. மாமாகூடச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, சுகமாக இருப்பதாகச் சொன்னார்.

மிச்சப் புல் மேற்குப் பக்கமாகப் பற்றியது. சந்து வரைக்கும் போய் நின்றிருக்க வேண்டிய நெருப்பு, நிற்கவில்லை. எரியும் சருகுகள் காற்றில் பறந்துபோய்க் கூரைகளில் விழுந்தன. ஒரு கூரைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் அடுத்தது பிடித்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்தபோது நான்கு வீடுகள் இல்லை. யாருக்கும் காயமில்லை. அந்த நான்கில் ஒன்று, எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுடையது.

"எவனோ பீடியப் போட்டிருப்பான்" என்றார் மாமா. அப்பா மறுக்கவில்லை.

சாயங்காலம் அக்கா என்னைத் தனியாகப் பிடித்தாள். முழங்கை வரைக்கும் கரி.

"பாப்பா, நீ இங்கதானே இருந்த? யாரு கொளுத்துனாங்கன்னு பாத்தியா?"

"பாக்கலக்கா."

பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரி, அழுவாத, போ" என்றாள்.

மாமா மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அக்கா வேலைக்கு வந்தாள். அம்மா இரண்டு புடவைகளும் ஒரு குக்கரும் கொடுத்தாள். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, துவைக்க உட்கார்ந்தாள். ஊறப்போட்டிருந்த துணியில் மாமாவின் லுங்கி இருந்தது. ஓரம் கருகியிருந்தது, ஊறியும் மண்ணெண்ணெய் நாற்றம் போகவில்லை. அக்கா கருகிய ஓரத்தை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, நன்றாகப் பிழிந்து, கொடியில் காயப்போட்டாள்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.