ஈஸ்வரைத் தூக்கிச் சென்ற தெரு

நீங்கள் ஜெயித்த மகிழ்ச்சியில் யாரையாவது தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்களா? ஓடியிருந்தால், அந்த ஆள் செத்த அன்று எங்கே நின்றீர்கள்?

வேடசந்தூர் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், எழுதினால் அங்கே மட்டும்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த ஊர்க் காலனியில் பிறந்த ஈஸ்வர் பதினெட்டு வயதில் நூல் மில்லுக்குப் போனார். பஞ்சைப் பிரித்து உதறும் ப்ளோரூமில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்து கிரிக்கெட். இடது கை வேகப்பந்து. கடைசி ஓவரை அவர் கையில் கொடுத்ததுமே கேப்டன் மோகன்குமார் எல்லோருக்கும் டீ சொல்லிவிடுவார்.

கோப்பை ஜெயிக்கும்போதெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்திலிருந்து ஈஸ்வரைத் தோளில் ஏற்றி, மேட்டுத் தெரு முழுக்க ஆடிக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோவார்கள். பதினோரு தடவை அப்படிப் போனார். டீமில் பத்துப் பேர் மேட்டுத் தெருக்காரர்கள். காலனியிலிருந்து அவர் மட்டும்.

முப்பத்தெட்டு வயதில் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. ஆட்டத்தை விட்டார். மில்லை விட முடியவில்லை. போன ஐப்பசியில், நாற்பத்தாறு வயதில், செத்துப்போனார். பஞ்சுத் தூசி என்றார் டாக்டர். விதி என்றார்கள் பந்தலில். முகக்கவசம்கூடத் தராத நிர்வாகத்துக்கு விதி என்பது வசதியான பெயர்.

மதியத்துக்குள் மேட்டுத் தெருவில் ஒன்பது பிளக்ஸ். 'எங்கள் யார்க்கர் மன்னனுக்குக் கண்ணீர் அஞ்சலி.' ரசிகர்கள் காலனிப் பந்தலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். எதிர் டீமில் ஆடிய ராபின் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார்.

"இந்தக் கட்டைவிரலப் பாரு. பன்னெண்டு வருசமாச்சு, இன்னும் கோணிக்கிட்டுத்தான் கெடக்கு."

"பேட்டக் கீழ வைக்காம எங்கடா பாத்துக்கிட்டு இருந்த?"

"பந்து தெரிஞ்சாத்தான பாக்க? சத்தம்தான் கேட்டுச்சு."

சிரித்தார்கள்.

மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். சுடுகாட்டுக்கு மேட்டுத் தெரு வழியாகப் பத்து நிமிடம். காலனிப் பிணங்களை அந்த வழியில் விடுவதில்லை. ஓடையில் இறங்கி, கருவேல முள்ளுக்குள் சுற்றித்தான் போக வேண்டும். அன்று ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர்.

ஈஸ்வரின் மனைவி அம்பிகா அழவில்லை. மோகன்குமாரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, தெரு வழியாக் கொண்டுபோங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"பதினோரு தடவ கொண்டுபோனீங்களே."

"அது... அப்ப உசுரோட இருந்தாப்ல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது. போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

அது பஞ்சாயத்து போட்ட சிமெண்ட் ரோடு. காலனிக்காரர்களின் வரியும் அதில் கிடக்கிறது. காலனிப் பிணம் போனால் சாமி கோபிக்குமாம். பதினோரு தடவை கோபிக்காத சாமி.

ஓடை வழியாகத்தான் போனார்கள். ரசிகர்கள் நாற்பது பேர் தண்ணீர் ஓரம் வரை வந்து நின்றுவிட்டார்கள். பாடையைச் சுமந்த காலனிக்காரர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கரையில் நின்ற யாரும் இறங்கவில்லை. காலனி முனையில் நின்று அம்பிகா எல்லாவற்றையும் பார்த்தார். மேட்டுத் தெருவில் ஒன்பது ஈஸ்வர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மோகன்குமார் வந்தார். தை மாதம் 'ஈஸ்வர் நினைவுக் கோப்பை' நடத்துகிறார்களாம். அம்பிகாதான் வந்து பரிசு கொடுக்க வேண்டுமாம்.

"ஜெயிச்சவங்கள எந்த வழியாண்ணே தூக்கிட்டுப் போவீங்க?"

"தெரு வழியாத்தேன்."

"அப்பக் கோப்பைய ஓடைக்குக் கொண்டாங்க. அங்க நின்னு குடுக்குறேன்."

மோகன்குமார் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

கோப்பை நோட்டீஸ் இப்போது திண்டுக்கல் வரை ஒட்டியிருக்கிறது. உங்கள் டீமும் பேர் கொடுக்க நினைக்கலாம். அதற்கு முன் நோட்டீஸின் அடியில் இருக்கும் நம்பருக்குப் போன் போடுங்கள். அந்த ஊர்க் காலனியின் அடுத்த பிணம் எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். தெரு வழியாக என்று சொல்லும்வரை பேர் கொடுக்காதீர்கள்.