சீருடைக்குச் சின்னம்மா சொன்ன பதில்

புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நீண்ட நடையில் சின்னம்மா நடந்து பழகியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கடற்காற்று சேலையைக் கிளப்பும்போதெல்லாம் அந்த வெள்ளைச் சப்பாத்து எட்டிப் பார்க்கும். குளிருக்குச் செருப்புச் சரிவராது என்று கனடாவிலிருந்த மகள் சொல்லிவிட்டாள். அவளுக்கு அது தலைப்பிரசவம். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவிரச் சின்னம்மாவுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை. துணைக்குப் போனவள் நான். எனக்கும் அதுதான் முதல் வெளிநாடு.

இன்று எங்கள் மாடியில் யார் முதன்முதல் பறந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சொல்வேன். இரண்டு பேர் போனால் உடுப்பைக் கலந்து இரண்டு பெட்டியிலும் வையுங்கள், ஒன்று தவறினாலும் மானம் தப்பும். மருந்து கைப்பையில் இருக்கட்டும், டொக்டர் எழுதிய துண்டோடு. மிளகாய்த்தூள் கொண்டுபோனால், சுங்கத்தில் கேட்கும்போது ஒளிக்காமல் சொல்லுங்கள். இறங்கும் வீட்டு விலாசத்தைத் தாளிலும் எழுதி வையுங்கள், போன் அந்த நேரம் பார்த்துத்தான் செத்துப்போகும். கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு விமானத்தில் தண்ணீர் குடிக்காமல் கிடக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய் மாற்றித்தான் செய்வார்கள். செய்யட்டும், எனக்கென்ன!

அன்று சின்னம்மாவுக்கும் வழியெல்லாம் பாடம் எடுத்தேன். "எயாப்போர்ட்டில என்ன கேட்டாலும் தமிழில சொல்லுங்கோ. தமிழ் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுவினம்."

"ஓம் பிள்ளை, ஓம்" என்றார்.

அரைத்தூக்கத்தில் முகில்களுக்கு மேலே விடிந்தது. இறங்கி நடந்த மண்டபம் காதில் பஞ்சு வைத்ததுபோல் சத்தமில்லாமல் நீண்டுகொண்டே போனது. கண்ணாடிக்கு வெளியே பனி, விழுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் மிதந்தது. என் கால்கள் என்னுடையவையா என்றே சந்தேகமாக இருந்தது.

வரிசையில் சின்னம்மா எனக்கு முன்னால் நின்றார். சீருடை போட்ட அதிகாரி ஏன் வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். அந்தளவு ஆங்கிலம் சின்னம்மாவுக்கு விளங்கும். விறைத்து நிமிர்ந்து, "துவ பலன்ன ஆவா மஹத்தயா" என்றார். மகளைப் பார்க்க வந்தேன் ஐயா. அட கடவுளே, சுத்தமான சிங்களம்!

அதே கேள்விகளைத்தான் போர்க்காலத்தில் எங்கள் வீட்டருகே காலி வீதியில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் வருஷக்கணக்காக அவரிடம் கேட்டார்கள். கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் கேட்டார்கள். பிசகில்லாத சிங்களத்தில் மறுமொழி சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று பாடமாக்கி வைத்திருந்தார். சாவடி எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. சின்னம்மாவின் வாய்க்கு மட்டும் அது தெரியவில்லை.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அது என்ன மொழி, உங்கள் மொழியா என்று கேட்டார். சிங்களம், எங்கள் மொழி இல்லை என்றேன். அவர் முகம் மாறியது. தன் மொழியை விட்டு வேறொன்றில் பதில் சொல்கிறவரை யார்தான் நம்புவார்? எங்களை ஓரத்து வாங்கில் இருத்தினார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ, மகள் தனியாகக் கிடந்து பெறப்போகிறாளோ என்று எனக்குப் பயம். சின்னம்மா என் கையை விடவேயில்லை.

பிறகு ஒரு தொலைபேசியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். மொழிபெயர்க்கிற தமிழ்ப் பெடியன் ஒருவன் அதில் கதைத்தான். "அம்மா, பயப்பிடாதேங்கோ. என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு ஒஃபிசர் கேக்கிறார்."

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். சீருடை போட்ட ஒருவரின் கேள்வி அவர் காதில் தமிழில் விழுந்தது அன்றைக்குத்தான் முதல்முறை. "மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது தம்பி" என்று சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. அதிகாரி பொறுமையாக இருந்து கேட்டு, கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை மகள் வீட்டில் நான் எழும்பி வந்தபோது சின்னம்மா குளித்து, நல்ல சேலை உடுத்து, கடவுச்சீட்டும் கையுமாக ஹோலில் இருந்தார்.

"எங்க அம்மா வெளிக்கிட்டிட்டியள்?" என்று மகள் கேட்டாள்.

"பதிய வேணுமெல்லே. பொலிஸ் எந்தப் பக்கம்?"

போர் நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டில் யார் வந்து தங்கினாலும், முதல் வேலையாகப் பொலிஸுக்குக் கூட்டிப்போய்ப் பெயர் பதிந்தவர் சின்னம்மாதான். பதியாமல் இருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல அவர் பக்கத்தில் அமர்ந்தாள். "இங்க அப்பிடி ஒண்டுமில்லை அம்மா. நீங்க வந்திருக்கிறது வேற ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை, எனக்குத் தெரிஞ்சாக் காணும்."

"அவ்வளவுதானோ?" என்றார் சின்னம்மா. கடவுச்சீட்டை மடியில் வைத்துவிட்டு இன்னொருமுறை கேட்டார், "அவ்வளவுதானோ பிள்ளை?"