ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி ஓர் இடம்

வாயிற்கூட்டம் பேசுகிறவன் முதலாளியோடு மோதுவதற்கு முன்னால் மிஷின் சத்தத்தோடு மோதியாக வேண்டும். இருபது வருடம் திருப்பூர் பனியன் கம்பெனி வாசல்களில் கத்தியவன் நான். சங்க வேலையில் தொண்டை கெட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்கெல்லாம் தொண்டையைப் பற்றித்தான் கவலை.

பசை வாளி

அந்தோணி நிட்டிங் ஆபரேட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், எங்கள் சங்க உறுப்பினர். அவருக்கும் எனக்கும் ஒரே பைத்தியம்: புதுப் பாட்டு, அதுவும் மேடையில், நேரில். ஞாயிற்றுக்கிழமையானால் காங்கேயம், சேவூர் என்று எந்த ஊரில் எந்தக் குழு வாசிக்கிறது என விசாரித்து என் மொபெட்டில் கிளம்பிவிடுவோம். ஒருமுறை கேட்ட குழுவை மறுமுறை கேட்பதில்லை என்பது நாங்கள் போட்டுக்கொண்ட சட்டம்.

ஒருநாள் பொதுக்கூட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்டப் போனோம். நல்ல சுவர். அதில் ஏற்கெனவே ஒரு நையாண்டி மேளக் குழுவின் சுவரொட்டி இருந்தது. அதன்மேல் ஒட்டப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம கூட்டம் எங்கயும் ஓடிராது அண்ணாச்சி. இவங்க ஒருநாதான் வாராங்க."

தகரக் கொட்டகை

வடக்கேயிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய காலம். கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று நோட்டீஸ் எழுதியவர்களில் நானும் ஒருவன். இப்போது மறைக்க விரும்பவில்லை. அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகையில் ஞாயிறு மதியம் டோலக் அடித்துப் பாடுவதை அந்தோணிதான் கண்டுபிடித்தார். என்னையும் இழுத்துப் போனார்.

போனதும் போகாததுமாக உறுப்பினர் படிவத்தை நீட்டினேன். டோலக் வாசித்த பீகார்க்காரர் அதை வாங்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, தாளம் தவறாமல் சொன்னார்:

"அண்ணா, காகிதம் அப்புறம். பாட்டு முடியல."

சேவூரில்

அதற்குப் பிறகு ஓரிரு வருடங்களில் அந்தோணி எந்தக் கச்சேரியிலும் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டித்தான் உட்கார்ந்தார். எனக்கு அங்கே மண்டை வெடிக்கும். ஏதாவது கேட்டால் கையாலேயே பதில் சொல்வார். நிட்டிங் ஷெட்டில் யாரும் வாயால் பேசுவதில்லை. ஊசி உடைந்தால் ஒரு விரல், நூல் தீர்ந்தால் கையைச் சுழற்றுவது. அந்தப் பழக்கம் என்று நினைத்தேன். நம் தொழிலாளியின் தனி மொழி என்று மேடையில் பெருமையாகப் பேசியும் இருக்கிறேன்.

சேவூர்த் திருவிழாவில் கச்சேரி ஏற்பாடு செய்த பெரியவர், பெட்டியில் தலை சாய்த்திருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, உங்க சிநேகிதரு பெட்டிக்குள்ளயே குடியிருந்துக்குவாருங்களா?"

நானும் சிரித்தேன்.

சீட்டி

கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்பும்போது, அன்று பிடித்த பாட்டை வண்டியின் பின்னால் உட்கார்ந்து சீட்டியடிப்பது அவர் வழக்கம். ஒரு ஸ்வரம் பிசகாது. சேவூரிலிருந்து திரும்பிய அன்று பிசகியது. மறுவாரமும். "குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் பாட்டுக்குச் சீட்டியடித்தபடியே வந்தார். கோபித்துக்கொண்டார் என்று எண்ணினேன்.

அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அவர் மனைவியிடம் புகார் சொன்னேன். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"குடியெல்லாம் இல்ல அண்ணாச்சி. ஒரு வருசமா கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்காவ. எம்மேல கோவம்னுல்லா நெனச்சேன்."

கோரிக்கைப் பட்டியல்

மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கருவி வைத்துச் சோதித்தார். போனது திரும்பாது என்றார். மிஷின் சத்தம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆத்திரம் வந்தால் எனக்கு எழுத வரும். காதடைப்பான், சத்தக் கட்டுப்பாடு, நஷ்டஈடு என்று கோரிக்கை எழுதி மானேஜர் மேஜையில் வைத்தேன். கூலி, போனஸ், பஞ்சப்படி, கக்கூஸ், குடிதண்ணீர் எல்லாவற்றுக்கும் அந்த மேஜையை அடித்துப் பேசியவன் நான். நான் வேலை பார்த்தது துணி வெட்டும் கட்டிங் பகுதியில், அங்கே அந்தச் சத்தம் இல்லை. நிட்டிங் ஷெட்டுக்குள் சந்தா வாங்கப் போவதோடு சரி.

மானேஜர் நிதானமாகப் படித்து முடித்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"இத்தன வருசத்துல எத்தனையோ கேட்டீங்க. இத ஒருக்காக்கூட நீங்க கேட்டதில்லீங்களே."

வீட்டுக்கு வந்து பழைய நோட்டீஸ் கட்டை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். அந்த ஆள் பொய் சொல்லவில்லை.

கணியூரில்

இனி கூப்பிட்டால் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். அவரே வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். கணியூரில் புதிதாக ஒரு நாதஸ்வரக் குழு. ஸ்பீக்கர் பக்கம் போகாமல் என்னோடு பின்வரிசையில் உட்கார்ந்து, வாசிப்பவர் கன்னம் உப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எப்படி இருக்கு?" என்றார்.

காதோரம் குனிந்து, "நல்லா இருக்கு" என்று கத்தினேன். இன்னும் காத்திருந்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பா வேறு ஏதாவதா, எனக்குப் பிடிபடவில்லை.

"போனசப் பத்தி ஒரு மணி நேரம் பேசுதிய. இதுக்கு ஒங்களுக்கு வேற வார்த்தையே இல்லையா அண்ணாச்சி?"

அன்றிலிருந்து கேட்கிற ஒவ்வொரு புதுப் பாட்டையும் அவருக்காக நோட்டில் எழுதிக் காட்டி வருகிறேன். இருபது வருடமாய்ச் சேர்த்த துண்டறிக்கைத் தமிழ், ஒரு நாதஸ்வரத்தின் முதல் மூச்சுக்கே தீர்ந்துபோகிறது.